வெள்ளி என்ற ஒரு சொல்

அருங்காட்சியகங்களின் நாணயக் கூடங்களுக்கு விளக்க அட்டை எழுதும் காப்பாட்சியர்களுக்கும் அவர்களோடு பணிபுரிகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் யாரோடும் எனக்கு நேர்ப்பழக்கம் இல்லை. உங்கள் எழுத்தோடு உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அருங்காட்சியகத்தில் நாணயக் கூடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு போய்விடுவேன். பெரும்பாலும் அது மாடியின் கோடியில் இருக்கும். சிலைகளையும் ஓவியங்களையும் பார்த்த கூட்டம் அங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். மங்கல் வெளிச்சம், கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக வட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு விரல் அகலத்தில் ஓர் அட்டை. ஐந்நூறு ஆண்டுகளை அந்த அகலத்துக்குள் எழுதுவது எவ்வளவு சிரமம் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. உங்கள்மீது குற்றம் சாட்ட இந்த மடலை எழுதவில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசத்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மத்திய ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில் யோகிம்ஸ்தாலர் ஒன்றைப் பார்த்தேன். 1520-ஆம் ஆண்டு நாணயம். நாலு சென்டிமீட்டர் குறுக்களவு, ஏறத்தாழ 29 கிராம் எடை. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் மூன்றரைப் பவுனுக்குச் சற்று மேல். சுத்தியலால் அடித்த நாணயம் என்பதால் விளிம்பு முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் அச்சு அழுந்திப் பதிந்திருக்கிறது, இன்னொரு பக்கம் எழுத்து மழுங்கியிருக்கிறது. முகப்பில் ஒரு புனிதர் நிற்கிறார். கன்னி மரியாளின் தந்தை, தமிழ்க் கத்தோலிக்கர்கள் சுவக்கின் என்று அழைக்கும் அதே முதியவர். அவரோடு ஷ்லிக் குடும்பத்தின் கேடயச் சின்னம். சுற்றிலும் ஸ்டெஃபான் ஷ்லிக், அவருடைய சகோதரர்கள் ஆகியோரின் பெயர் இலத்தீனில், சுருக்கெழுத்துகளாக. பின்புறத்தில் முடிசூடிய போஹேமியச் சிங்கம், இரட்டை வாலோடு. அதைச் சுற்றி அரசர் லுட்விக்கின் பெயர்.

அட்டை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. வெளியிட்டவர், அரசர், நாணயச்சாலை, ஆண்டு, எடை எல்லாம் இருந்தன. அதோடு நான் மறக்கவே முடியாத ஒரு செய்தியும் இருந்தது. 1526 ஆகஸ்ட் 29 அன்று மோஹாச் போர்க்களத்தில் உதுமானியப் படையோடு மோதியபோது அரசர் லுட்விக் மாண்டுபோனார். அவருக்கு அப்போது இருபது வயது. ஸ்டெஃபான் ஷ்லிக்கும் அந்தப் போரிலிருந்து திரும்பவில்லை. நாணயத்தின் இரு பக்கத்திலும் பெயர் பொறித்திருந்த இருவரும் ஒரே களத்தில் போனார்கள். இதைப் படித்ததும் எனக்கு மெய் சிலிர்த்தது. இதை எழுதியவர் யாரோ, அவருக்கு என் நன்றி.

அதற்குப் பிறகு அட்டையின் கடைசி வரி: “பொருள்: வெள்ளி.”

அந்த வரியைத் தாண்டி என்னால் அடுத்த நாணயத்துக்குப் போக முடியவில்லை. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தார். தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சுரங்கம் அது. பாறைத் தூசி அவருடைய நுரையீரலில் படிந்துபோயிருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினார். “பொருள்: தங்கம்” என்று எங்கே எழுதியிருந்தாலும் எனக்கு அந்த இருமல் கேட்கும். வெள்ளி என்று எழுதியிருந்த அந்த இடத்திலும் கேட்டது. அங்கேயும் யாரோ இருமியிருப்பார்கள் என்று தோன்றியது. ஊருக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். இருமியிருக்கிறார்கள்.

சாக்சனிக்கும் போஹேமியாவுக்கும் நடுவே நீளும் மலைத்தொடரை ஜெர்மன் மொழியில் தாதுமலை என்றே அழைக்கிறார்கள். அதன் தென்சரிவில் ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கு. 1510-களில் அங்கே வெள்ளி தென்பட்டது. 1516-இல் ஊர் எழுந்தது. மலைக்கு அப்பால் சாக்சனியில் புனித அன்னாவின் பெயரில் அன்னாபெர்க் என்ற வெள்ளி நகரம் ஏற்கெனவே இருந்தது. ஆகவே இந்தப் பள்ளத்தாக்குக்கு அன்னாவின் கணவர் சுவக்கினின் பெயர், யோகிம்ஸ்தால். 1521-இல் அவர்களுடைய மகளின் பெயரில் மரியன்பெர்க் தோன்றியது. அந்தத் திருக்குடும்பமே மலையின் இருபுறமும் வந்து குடியேறியதுபோல இருக்கிறது. நிலத்துக்குள் இறங்கும் மனிதர்களுக்குத் துணை தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் தங்கவயலிலும் சுரங்க வாய்க்கு அருகே ஏதாவதொரு சாமி இருக்கும். ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

1519-இல் ஷ்லிக் குடும்பத்தார் அங்கேயே நாணயம் அடிக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஜனவரியில் போஹேமியப் பேரவை அதற்கு ஒப்புதல் தந்தது. இவ்வளவு பெரிய வெள்ளி நாணயம் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. டைரோலில் ஹால் என்ற ஊரில் 1486-இலேயே, ஒரு பொன் கில்டருக்கு ஈடாகும் அளவுக்கு வெள்ளியைக் கனமாகச் சேர்த்து அடித்திருந்தார்கள். ஆனால் அவை குறைவு. யோகிம்ஸ்தாலில் இருந்து வந்தவையோ லட்சக்கணக்கில் சந்தைகளில் இறங்கின. ஆகவே இந்த ஊரின் பெயரே அந்த அளவு நாணயத்துக்குப் பொதுப்பெயராக நிலைத்தது. முழுப்பெயரைச் சொல்லச் சோம்பிய வாய்கள் முன்பாதியை விட்டுவிட்டு, தாலர் என்றன. தால் என்றால் பள்ளத்தாக்கு. தாலர் என்றால் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. அதுவே டச்சு வாயில் டால்டர், டேனிஷ் வாயில் டாலெர், ஸ்லோவேனியாவில் தோலார். ஸ்லோவேனியர்கள் 2006 முடியும்வரை அந்தப் பெயரில்தான் பணம் எண்ணினார்கள். ஆங்கிலத்தில் டாலர்.

இன்று உலகம் முழுவதும் ஒரு நாளைக்கு எத்தனை கோடி வாய்கள் அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்கின்றன! திருப்பூரை நாம் டாலர் சிட்டி என்கிறோம். சங்கிலியில் கோத்துத் தொங்கவிடும் பதக்கத்தை, தமிழ்நாட்டில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் டாலர் என்றுதான் கேட்போம். இதைப் பற்றிச் சற்றுப் பிறகு சொல்கிறேன். அதிலும் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஊரின் பெயரை அல்ல, ஊரில் இருந்தவர்களை. 1534 வாக்கில் அந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 18,000 பேர் இருந்தார்கள். போஹேமியாவில் பிராகாவுக்கு அடுத்தபடி அதுதான் பெரிய ஊர். இருபது ஆண்டுகளுக்குள் இப்படி. வந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்குக் குடைந்தவர்கள், தாது சுமந்தவர்கள், நீர் இறைத்தவர்கள், உலை ஊதியவர்கள். 1525-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதாவது, அட்டையில் நாம் பார்க்கும் ஸ்டெஃபான் ஷ்லிக் மோஹாச்சுக்குப் போவதற்கு ஒரு வருஷம் முன்னால், அவருடைய தொழிலாளர்களே அவருக்கு எதிராக நின்றார்கள். மோஹாச் அட்டையில் இருக்கிறது. இது இல்லை.

1527-இல் அந்த ஊருக்கு ஒரு மருத்துவர் வந்தார். ஜியார்ஜியஸ் அக்ரிகோலா. முப்பது வயதைச் சற்றுக் கடந்தவர், இலத்தீன் கிரேக்கம் படித்தவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் சுரங்க வாய்களிலும் உருக்கு உலைகளிலும் நின்று, வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பள்ளத்தாக்கிலேயே நடந்து பேசுவதுபோல அமைத்த ‘பெர்மானுஸ்’ 1530-இல் வந்தது. அவருடைய பெரிய நூலான ‘தே ரே மெட்டாலிகா’ 1556-இல், அவர் இறந்த மறு ஆண்டு, பாசல் நகரில் அச்சாயிற்று. பன்னிரண்டு பாகங்கள், 300-க்குச் சற்றுக் குறைந்த மரச்செதுக்குப் படங்கள். படங்களுக்காகக் காத்திருந்ததில்தான் புத்தகம் அவர் வாழ்நாளில் வராமல் போயிற்று. இந்த நூலை 1912-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு சுரங்கப் பொறியாளரும் அவர் மனைவியும்: ஹெர்பர்ட் ஹூவர், லூ ஹென்றி ஹூவர். அந்த ஹூவர் பின்னாளில், தாலரின் பெயரையே பணத்துக்கு வைத்திருக்கும் நாட்டின் அதிபரானார்.

அந்த நூலின் சில பக்கங்களை நீங்கள் ஒருமுறை படித்துவிட்டால், “பொருள்: வெள்ளி” என்று மட்டும் எழுத உங்கள் கை வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாளை மூன்று முறையாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஏழு மணி நேரம். முதல் முறை விடியற்காலை 4 மணிக்கு இறங்கி 11 மணிக்கு ஏறும். அடுத்தது நண்பகல் 12 முதல் மாலை 7 வரை. இரவு முறை 8 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கு முடியும். எஞ்சிய மூன்று மணி நேரம் வரவும் போகவும். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை இறங்குவது சில இடங்களில் தடுக்கப்பட்டிருந்தது. களைப்பில் உள்ளேயே தூங்கிவிடுவார்கள் என்பதால். இரவு முறையில் விழித்திருக்கப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள் என்றும், அந்தப் பாட்டு கேட்க இனிமையாகவே இருந்தது என்றும் அக்ரிகோலா எழுதுகிறார். வேலைமுறைகளையும் எந்திரங்களையும் விவரித்துக்கொண்டே போகும் நூலில் இந்த ஒரு குறிப்பைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கேட்டிராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டார். அவர் சுரங்க வாயில் நின்றிருக்கிறார். கீழேயிருந்து பாட்டு ஏறி வந்திருக்கிறது.

பிறகு நோய்களுக்கு வருகிறார். தேங்கிய குளிர்நீரில் நின்று நின்று கால்கள் கெடுகின்றன. ஒருவகைத் தாது ஈரம் பட்டதும் கையையும் காலையும் அரித்துத் தின்கிறது. ஆகவே பதப்படுத்தாத தோலில் உயர்ந்த காலணிகள் போடுங்கள், முழங்கை வரை கையுறை அணியுங்கள், முகத்தில் தளர்வாகத் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார். வறண்ட சுரங்கங்களில் தூசி. அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் தங்கி, இருமலாகி, உடலை உருக்கிவிடுகிறது. கார்ப்பாத்திய மலைச் சுரங்க ஊர்களில் ஏழு கணவர்களை மணந்த பெண்கள் இருக்கிறார்கள் என்றும், எழுவரையும் அந்த நோய்தான் கொண்டுபோயிற்று என்றும் எழுதுகிறார். அது கதையாக மிகுந்திருக்கலாம். ஆனால் ஒரு மருத்துவர் அதை நம்பி எழுதும் அளவுக்கு விதவைகள் நிறைந்த ஊர்கள் அவை. பாராசெல்சஸ் அதே காலத்தில் சுரங்கத் தொழிலாளர் நோய்க்கென்றே தனி நூல் எழுதினார். 1567-இல், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து அச்சாயிற்று.

என் பாட்டி தாத்தாவுக்குப் பிறகு முப்பத்தொரு ஆண்டு இருந்தாள். அந்த ஏழு கணவர்கள் பற்றிய வரியை அவளுக்குப் படித்துக் காட்ட முடியாமல் போனது எனக்கு இன்னும் குறையாகவே இருக்கிறது. அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

பள்ளத்தாக்கின் கதை வெள்ளியோடு நிற்கவில்லை. அங்கே வெள்ளி நரம்பு போகப்போக, தார்போலக் கறுத்த ஒரு கல் எதிர்ப்படும். அது வந்தால் வெள்ளி தீர்ந்தது என்று பொருள். அதை வெட்டி வெளியே குப்பையாகக் கொட்டினார்கள். அந்தக் கறுப்புக் கல்லில் யுரேனியம் இருந்தது. யோகிம்ஸ்தாலில் யுரேனியம் எடுத்தபின் கழித்துக் கொட்டிய எச்சத்தை மூட்டை மூட்டையாகப் பாரிசுக்கு வரவழைத்துத்தான் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைப் பிரித்தார்கள். போலோனியத்தையும் ரேடியத்தையும் அவர்கள் அறிவித்தது 1898-இல். நுரையீரலை உருக்கிய நோயில் பாறைத் தூசிக்குப் பங்கு இருந்ததுபோல், அந்தக் கல்லிலிருந்து கசியும் ரேடான் வாயுவுக்கும் பங்கு இருந்தது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் புரிந்தது. புரிந்த பிறகும் 1949 முதல் 1961 வரை, கம்யூனிச அரசு அரசியல் கைதிகளை அங்கே முகாம்களில் அடைத்து அந்த யுரேனியத்தை வெட்டவைத்தது. சோவியத் ஒன்றியத்துக்குத்தான் அது போயிற்று. இப்போது ஊரின் பெயர் யாகிமோவ். 1518-இல் தோண்டத் தொடங்கிய ஒரு சுரங்கம் இன்னும் இயங்குகிறது; அதன் வெந்நீர் ஊற்றுக்கு மூட்டுவலிக்காரர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். பழைய அரச நாணயச்சாலைக் கட்டடம் அருங்காட்சியகமாகிவிட்டது. 2019-இல் அந்த மலைப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இத்தனையும் ஓர் அட்டையில் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது நியாயமாகாது. நாணயத்தின் முன் ஒருவர் நிற்பது சில நொடிகள். ஆனால் அந்த நொடிகளில் அவர் படிக்கும் ஐந்து வரியும் அரசர், பிரபு, சிங்கம், போர் என்றே போகிறதே, ஒரு வரி வேறு யாருக்காவது கொடுக்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்களில் அனுபவம் மிக்கவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். வெள்ளிக்கு ஊர் கிடையாது, உருக்கினால் எல்லாம் ஒன்று, பழைய கிண்ணமும் பழைய காசும் புதுத் தாதும் ஒரே மூசையில் கலந்துதான் நாணயமாகின்றன, அதில் எந்தத் துளி எந்த மலையிலிருந்து வந்தது என்று எப்படி எழுதுவது என்பீர்கள். மிகவும் சரி. பதினேழாம் நூற்றாண்டு டச்சு நாணயம் ஒன்றில் ஆண்டிஸில் இருக்கும் பொட்டோசி மலையின் வெள்ளி எவ்வளவு, ஜெர்மன் வெள்ளி எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் யோகிம்ஸ்தாலரை இந்தக் காரணம் காட்டி விட்டுவிட முடியாது. வெட்டியதும் உருக்கியதும் அடித்ததும் ஒரே பள்ளத்தாக்கில். நாணயத்தின் பெயரே அந்தப் பள்ளத்தாக்கு. இதில் எழுதாவிட்டால் வேறு எந்த நாணயத்தில் எழுதப்போகிறோம்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதை நாணயம் அடித்தவர்களே மறைத்ததில்லை, பெருமையாகப் பொறித்தார்கள். ஹார்ஸ் மலைப்பகுதியை ஆண்ட பிரவுன்ஷ்வைக்–லூனெபர்க் கோமகன்கள், இந்தத் தாலர் இன்ன சுரங்கத்தின் விளைச்சல் என்று நாணயத்திலேயே காட்டினார்கள். லாட்டன்தால் சுரங்கத்துக்கு லூட் என்ற நரம்பிசைக் கருவியை மீட்டும் உருவம். வேறு சில பெரிய தாலர்களில் மலையும் சுரங்க வாயும் உருளையும், குனிந்து வேலை செய்யும் குட்டி மனிதர்களும்கூட இருப்பார்கள். இங்கிலாந்தில் வேல்ஸ் சுரங்கங்களின் வெள்ளி என்பதற்கு இறகுக் குறி போட்டார்கள். ஸ்பெயினின் விகோ துறைமுகத்தில் 1702-இல் பிடித்த வெள்ளியில் அடித்த காசில், அரசி ஆனின் உருவத்துக்குக் கீழே ‘விகோ’ என்ற சொல். 1745, 1746 ஆண்டுகளின் காசுகளில் இரண்டாம் ஜார்ஜின் தோளுக்குக் கீழே ‘லிமா’. ஸ்பானியர்களிடமிருந்து கைப்பற்றிய வெள்ளி அது என்று அரசே கூவிச் சொல்கிறது. அந்தக் காசுகளின் அட்டைகளில் நீங்களும் கடற்படை வெற்றியை எழுதுகிறீர்கள். ஆண்டிஸ் மலையில் அந்த வெள்ளியை வெட்டியவர்கள் யார் என்பது மட்டும் விடுபட்டுப் போகிறது. 1545-இல் பொட்டோசியில் வெள்ளி கண்டார்கள். 1570-களில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, சுற்றுவட்ட மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரை முறைவைத்துச் சுரங்கத்துக்கு அனுப்பும் கட்டாய உழைப்பை ஏற்படுத்தினார். அமெரிக்க டாலரை 1792-இல் சட்டமாக்கியபோது அளவுகோலாக வைத்தது ஸ்பானிய எட்டு ரியால் நாணயத்தை. ஆக, பெயர் ஒரு மலையினது, வெள்ளி இன்னொரு மலையினது. இரண்டு மலையிலும் ஆட்கள் இருமினார்கள்.

இனி, முன்பு பாதியில் விட்ட டாலருக்கு வருகிறேன்.

நாணயப் பட்டியல்களில் அடிக்கடி ஒரு குறிப்பைப் பார்க்கிறேன்: “துளையிடப்பட்டது, சேதம்”, “வளையம் நீக்கப்பட்ட தடம் உண்டு, தரம் குறைவு.” பெரிய தாலர்களில் இது அபூர்வமல்ல. மேலே ஒரு கொக்கி பற்றவைத்துச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் அணிந்திருந்தார்கள். பிறகு யாரோ அதை அறுத்து எடுத்திருக்கிறார்கள். சேகரிப்பாளர்களின் சந்தையில் அதனால் விலை குறையும். அது அவர்கள் கணக்கு. ஆனால் அருங்காட்சியகத்துக்கு அந்தக் கணக்கு எதற்கு? அப்படியொரு தாலரைத் தமிழ்நாட்டுப் பெண் யாரிடமாவது காட்டிப் பாருங்கள். காசுமாலை போட்ட பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவள் அவள். “இது டாலர், சங்கிலியில் போட்டது” என்று பார்த்த நொடியில் சொல்லிவிடுவாள். இரண்டு பொருளிலும் அவள் சொன்னது சரியாக இருக்கும். உங்கள் சேமிப்பறையில், குறைபாடுள்ளது என்று இழுப்பறைக்குள் வைத்திருக்கும் அந்த நாணயத்தைத் தயவுசெய்து வெளியே எடுத்துவையுங்கள். ஞானஸ்நானத்துக்கோ திருமணத்துக்கோ யாரோ யாருக்கோ போட்டுவிட்டிருக்கலாம். உரசி உரசிப் புனிதரின் முகம் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். மெருகேற்றுகிறேன் என்று அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க ஒருபோதும் விடாதீர்கள். கறுப்பு படிந்த வெள்ளிக்கு அந்தக் கறுப்பே வயது.

வாய்ப்பிருந்தால் இன்னும் இரண்டு. நாணயத்துக்குப் பின்னால் சிறு கண்ணாடி ஒன்றைச் சாய்த்துவைத்தால் சிங்கத்தையும் புனிதரையும் சேர்த்தே பார்க்கலாம். பல இடங்களில் ஒரு பக்கம் மட்டுமே எங்களுக்குக் கிடைக்கிறது. அடுத்து, அக்ரிகோலாவின் மரச்செதுக்குப் படங்களில் ஏதாவது ஒன்றை நாணயத்தின் அளவுக்கே அச்சிட்டுப் பக்கத்தில் வைக்கலாம். அவற்றுக்கு இன்று யாருடைய அனுமதியும் தேவையில்லை. நீண்ட மேசையில் உட்கார்ந்து பெண்கள் தாதைத் தரம்பிரிக்கும் படம் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அதைத்தான் வைக்கச் சொல்வேன். சுரங்கம் என்றதும் ஆண்களை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். தங்கவயலில் தாது மேட்டருகே வேலைசெய்த பெண்களின் கைகளைச் சின்ன வயதில் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

வெறும் வேண்டுகோளாக மட்டும் நின்றுவிடக்கூடாது என்று, யோகிம்ஸ்தாலருக்கான அட்டையை நானே எழுதிப் பார்த்தேன். எடையும் அளவும் உங்கள் பதிவேட்டில் உள்ளபடி இருக்கட்டும். மீதி இப்படி:

“யோகிம்ஸ்தாலர், போஹேமியா, 1520. ஷ்லிக் குடும்பத்தினர் வெளியிட்டது. முன்புறம் புனித சுவக்கின். பின்புறம் அரசர் லுட்விக்கின் பெயரோடு போஹேமியச் சிங்கம். டாலர் என்ற சொல் இந்த நாணயத்திலிருந்து பிறந்தது. இதன் வெள்ளி, நாணயம் அடித்த அதே பள்ளத்தாக்கில் வெட்டி எடுக்கப்பட்டது. வெட்டியவர்கள் ஏழு மணி நேர முறைகளில் வேலை செய்தார்கள். இரவில் தூக்கம் வராமலிருக்கப் பாடினார்கள். தூசியால் இளம் வயதில் இறந்தார்கள். 1525-இல் அவர்கள் தங்கள் எசமானர்களை எதிர்த்து எழுந்தார்கள்.”

ஐம்பது சொற்கள் வருகின்றன. உங்கள் வரம்பு அதைவிடக் குறைவு என்றால் சிங்கத்தை எடுத்துவிடுங்கள். அதை எல்லோரும் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்கள். பாட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அட்டை கண்ணாடிக்கு அருகே இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் உரக்கப் படிப்பார்கள், தெரியாதவர்கள் பக்கத்தில் நின்று கேட்பார்கள். நாணயக் கூடத்திலும் அப்படி யாராவது வருவார்கள்.

அன்புடன்,
தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பேத்தி